ஊரோரத்து அமைதி: இல்லறத்தார்க்கு ஒரு கேள்வி

கன்னியாகுமரி மாவட்டத்தின் கிழக்கு விளிம்பில், திருநெல்வேலி மாவட்ட எல்லையை ஒட்டிய பேரூராட்சி அஞ்சுகிராமம். நாகர்கோவிலிலிருந்து வரும் சாலையும் கன்னியாகுமரியிலிருந்து கூடங்குளம் நோக்கிப் போகும் சாலையும் இங்கே கூடுவதால், சந்திப்பில் பஸ் ஹாரனும் கடைத்தெரு இரைச்சலும் ஓய்வதில்லை. கொஞ்சம் உள்ளே தள்ளிப் போனால் காட்சி மாறிவிடும். பனையும் தென்னையும் நின்ற விளைகள் மனைகளாகி, ‘நகர்’ என்று பெயர்ப்பலகை ஏற்றிருக்கின்றன. பணி ஓய்வு பெற்றவர்களும் வெளிநாட்டில் உழைத்துத் திரும்பியவர்களும் இப்படி ஓர் இடத்தைத்தான் தேடுகிறார்கள். கடைக்கும் ஆஸ்பத்திரிக்கும் ஊர் பக்கத்தில் இருக்க வேண்டும்; ஊரின் சத்தம் மட்டும் வீட்டுக்குள் வரக்கூடாது. இந்த விருப்பம் வெறும் வசதியைச் சேர்ந்ததா, அல்லது ஆன்மிகத்தில் அதற்கும் ஓர் இடம் உண்டா என்பதே கேள்வி.

அமைதியைத் துறவியின் உடைமையாகவே கருதும் பழக்கம் நம்மிடம் வேரூன்றியிருக்கிறது. திருக்குறள் அப்படிக் கருதவில்லை. அதன் ஐந்தாம் அதிகாரமே இல்வாழ்க்கை. துறவு வருவது முப்பத்தைந்தாம் அதிகாரத்தில். பௌத்த விநய நூலில் இன்னும் நேரடியான ஒரு செய்தி உண்டு. ராஜகிருகத்துக்குப் புத்தர் வந்தபோது, அவர் தங்கத் தகுந்த இடம் எது என்று மன்னன் பிம்பிசாரன் எண்ணிப் பார்க்கிறான். ஊருக்கு மிகத் தொலைவாகவோ மிக அருகிலோ இருக்கக் கூடாது, மக்கள் வந்துபோக எளிதாக இருக்க வேண்டும், பகலில் நெரிசலும் இரவில் ஓசையும் குறைந்திருக்க வேண்டும் என்று அளவு வகுத்து, தன் மூங்கில் தோப்பான வேணுவனத்தைச் சங்கத்துக்குக் கொடுக்கிறான். பிக்கு அன்றாடம் பிச்சைக்கு ஊருக்குள் போயாக வேண்டும். அறம் கேட்க ஊரார் தோப்புக்கு வந்தாக வேண்டும். அந்தத் தோப்பின் அமைதி ஊரை விலக்கி வைத்துப் பெற்றதல்ல.

இன்றைய குடியிருப்பில் இதே கேள்வி பெரும்பாலும் ஒலிபெருக்கி வடிவில் வருகிறது. சென்னை மாதவரம் நெடுஞ்சாலைப் பகுதியில் கே.கே.ஆர். மெஜஸ்டிக் காலனி நலச்சங்கம், அருகிலிருந்த ஒரு திருச்சபையின் ஒலிபெருக்கிக்கும் இசைக்கருவிகளுக்கும் எதிராக நீதிமன்றம் சென்றது. திருச்சபையோ, அது வழிபாட்டுரிமை என்றும் அப்பகுதி இரைச்சலுக்குச் சாலை வாகனங்களே காரணம் என்றும் வாதிட்டது. பிறர் அமைதியைக் குலைத்துத்தான் வழிபட வேண்டும் என்று எந்தச் சமயமும் சொல்லவில்லை என உச்ச நீதிமன்றம் 2000 ஆகஸ்ட் 30 அன்று தீர்ப்பளித்தது. அதே ஆண்டு வந்த ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல் என்று வரம்பு வைத்தன. கோயில் கொடைக்கும் சர்ச் திருவிழாவுக்கும் பள்ளிவாசலுக்கும் இது பொது. பச்சைக் குழந்தைக்கும் நோயாளிக்கும் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைக்கும் இந்தத் தீர்ப்பு காவல்தான், அதில் ஐயமில்லை. ஆனால் தெருவில் சத்தம் அடங்கிய பின் பக்கத்து வீட்டாரோடு எப்படி வாழ்வது என்பதைச் சட்டம் சொல்லாது. அது அதன் வேலையும் அல்ல.

அமைதிக்கு யார் விலை கொடுக்கிறார்கள் என்பதையும் விட்டுவிட முடியாது. அஞ்சுகிராமத்துக்குக் கிழக்கே செட்டிகுளத்தில், கூடங்குளம் அணுமின் நிலைய ஊழியர்களுக்காக அமைந்த அணுவிஜய் நகர் உள்ளது. இந்த வட்டாரத்தில் திட்டமிட்டுக் கட்டிய அமைதியான குடியிருப்பு என்றால் முதலில் சொல்ல வேண்டியது அதைத்தான். அதற்கு எட்டிவிடும் தொலைவில், கடற்கரையில், இடிந்தகரை. அங்கே லூர்து மாதா ஆலயத்தின் முன், அணுமின் நிலையத்தை எதிர்த்து 2011 ஆகஸ்டில் போட்ட பந்தலில் மீனவக் குடும்பங்கள் நாள்கணக்கில் அமர்ந்திருந்தன. கடலும் பிள்ளைகளின் எதிர்காலமும் என்ன ஆகும் என்ற அச்சம் அவர்களை அங்கே கொண்டுவந்தது. ஆனாலும் 2013 ஜூலையில் கூடங்குளத்தின் முதல் உலையில் தொடர்வினை தொடங்கியது. அணுவிஜய் நகரில் குடியிருப்பவர்கள் யாருக்கும் தீங்கு நினைத்தவர்கள் அல்லர். ஆனாலும் ஒரு குடியிருப்பின் நிம்மதியும் இன்னொன்றின் கலக்கமும் ஒரே உலையோடு பிணைந்திருக்கும்போது, முதலாவதை மட்டும் தனியே எடுத்து நல்வாழ்வு என்று பேசுவது நேர்மையாகாது.

பிறரை விலக்காத அமைதி எது என்பதற்கு இந்த மண்ணிலேயே ஒரு விடை முயலப்பட்டது. 1809இல் பூவண்டன்தோப்பில், இன்றைய சாமித்தோப்பில், பிறந்த அய்யா வைகுண்டர் 1833இல் தவம் தொடங்கினார். பக்கத்தில் மருந்துவாழ் மலை இருந்தது. அதன் குகையில் பிற்காலத்தில் நாராயண குரு தவமிருந்தார். வைகுண்டர் மலையேறவில்லை. குடிகளுக்கு நடுவிலுள்ள தோப்பிலேயே ஆறு ஆண்டுகள் தவமிருந்தார். அதில் முதல் இரண்டு ஆண்டுகள் ஆறடிக் குழிக்குள் கழிந்தன என்பது அவரைப் பின்பற்றும் அய்யாவழியின் மரபு. கூட்டம் பெருகியதும் திருவிதாங்கூர் அரசு அவரைச் சிறைப்பிடித்தது. விடுதலையாகித் திரும்பிய பின்னும் அவர் ஊரை விட்டு விலகவில்லை.

அதன் பிறகு நடந்த துவையல் தவசு இல்லறத்தாரின் அமைதி பற்றிய நம் கேள்விக்கு மிக நெருங்கிய சான்று. எழுநூறு குடும்பங்கள் வீட்டை விட்டுக் கடலோரத்து வாகைப்பதிக்குப் போய்க் கூடி வாழ்ந்ததாக மரபு சொல்கிறது. போனவர்கள் கணவன், மனைவி, பிள்ளைகளே; துறவிகள் அல்லர். நாளும் மும்முறை நீராடி, உடுத்த துணியைத் தாங்களே துவைத்து, பச்சரிசியும் சிறுபயறும் சேர்த்துப் பொங்கி உண்டார்கள். துவைப்பதும் சமைப்பதும் உண்பதும் அன்றாட வீட்டு வேலைகள்தாம். அவற்றையே கூட்டாக, ஒழுங்கோடு செய்தபோது அவை தவமாயின. குடும்பத்தோடு இருந்துகொண்டே அடங்கி வாழ முடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டைக் காண்பது அரிது.

சாமித்தோப்பின் முத்திரிக்கிணறு கூடி வாழும் அதே எண்ணத்தின் இன்னொரு முகம். பொதுக்கிணற்றுப் பக்கம் பலரை நெருங்கவிடாத காலத்தில், எல்லாச் சாதியினரும் ஒரே கிணற்றில் நீர் எடுத்துக் குளிக்க வேண்டும் என்று அது ஏற்பட்டது. தீட்டு என்று ஒதுக்கி வைத்ததால் அந்நாளில் பல தெருக்களில் ‘தொந்தரவு’ இல்லாமல் இருந்தது. அந்த அமைதி அறமல்ல என்பதை இந்தக் கிணறு ஊரறியச் சொன்னது. சாமித்தோப்பின் பதிக்கு, அதாவது அய்யாவழிக் கோயிலுக்கு, வருவோர் இன்றும் முதலில் அங்கேதான் நீராடுகிறார்கள்.

அய்யாவழி தன் வழிபாட்டைப் பதிகளோடு நிறுத்திக்கொள்ளவில்லை. தென்மாவட்டங்களின் குடியிருப்புகளுக்குள்ளேயே நிழல் தாங்கல் எனப்படும் சிறு கூடங்கள் எழுந்தன. உள்ளே சிலை இல்லை. கண்ணாடியும் விளக்கும் உண்டு. முன் நிற்பவர் கண்ணாடியில் தன் முகத்தைத்தான் பார்க்கிறார்; பக்கத்தில் நிற்பவரின் முகமும் அதில் தெரியும். உச்சிப்படிப்பு, உகப்படிப்பு எனும் வழிபாட்டு ஓதல்கள் முடிந்ததும், வந்தவர் யார் என்று கேட்காமல் அன்னம் பரிமாறுகிறார்கள்.