பூமியைச் சுற்றிப் பார்ப்போரின் கடமை

 

பள்ளி விடுமுறை வந்துவிட்டால் நம் கடைத்தெருவில் பிரயாணப் பேச்சுத்தான். ஒருவர் சபாவுக்குக் கினபாலு மலை பார்க்கப் புறப்படுகிறார். இன்னொருவர் லங்காவிக்குக் குடும்பத்தோடு போகிறார். வசதி படைத்தவர் சுவிட்சர்லாந்துப் பனிமலை வரை செல்கிறார். “இதெல்லாம் வீண் செலவல்லவா? மார்க்கத்தில் இதற்கு இடமுண்டா?” என்று சிலர் கேட்கிறார்கள்.

தாராளமாக இடமுண்டு. பூமியில் நடந்து சென்று, படைப்பு எவ்வாறு தொடங்கிற்று என்று கவனிக்குமாறு அல்லாஹு தஆலா அன்கபூத் அத்தியாயத்தில் ஏவுகிறான். வானம் உயர்த்தப்பட்டதையும் மலைகள் நாட்டப்பட்டதையும் நோக்கும்படி காஷியா அத்தியாயம் நம்மைத் தூண்டுகிறது. 4,095 மீட்டர் உயரமுள்ள கினபாலுவை அண்ணாந்து பார்த்து “ஸுப்ஹானல்லாஹ்” என்று சொல்பவர் திக்ரு செய்தவரே ஆவார். ஆகவே போவது கூடும். போன இடத்தில் எப்படி நடந்துகொள்கிறோம் என்பதைத்தான் யோசிக்க வேண்டும்.

ஓர் உதாரணம் கேளுங்கள். பினாங்கிலிருந்து மேற்குக் கரையோரமாக வடக்கே போனால் தாய்லாந்தின் கிராபி மாகாணம் வரும். அங்குள்ள பீபீ தீவுகளில் ஒன்றில் மாயா விரிகுடா என்றொரு சிறு கடற்கரை இருக்கிறது. சுற்றிலும் செங்குத்தான சுண்ணாம்புப் பாறை, நடுவே பச்சை நிற நீர், வெண்மணல். 2000-ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் ஆங்கிலப் படத்தில் அவ்விடம் காட்டப்பட்டது. அப்புறம் கூட்டம் பெருகி, நாளொன்றுக்கு 5,000 பேர் வரை வந்திறங்கினார்கள். படகுகளின் நங்கூரம் பவளப் பாறைகளை உடைத்தது. வெயிலுக்குப் பூசிய களிம்பு கடல்நீரில் கரைந்தது. பவளம் பெரும்பாலும் மாண்டது. மீன் இனங்களும் ஒதுங்கின.

முடிவில் 2018 ஜூன் மாதம் தாய்லாந்து அரசாங்கம் அக்கடற்கரையை மூடிற்று. நான்கு மாதத்துக்கென்று மூடியது, மூன்றரை ஆண்டு நீண்டது. உடைந்த இடங்களில் பவளத்தைக் கையாலேயே நட்டு வளர்த்தார்கள். துடுப்பின் நுனி கறுத்த சுறாக்கள் திரும்பி வந்தன. 2022 ஜனவரியில் திறந்தபோது, படகுகள் விரிகுடாவுக்குள் நுழையக் கூடாது, தீவின் மறுபுறம் இறங்கி நடந்தே வர வேண்டும், ஆட்கணக்கும் மிஞ்சக் கூடாது என்று விதித்தார்கள்.

வியாபாரிகளாகிய நமக்கு இந்தக் கணக்கு விளங்காமற் போகாது. லாபத்தில் சாப்பிடுகிறவன் கடை நிலைக்கும். கைமுதலைத் தின்கிறவன் கடை ஒருநாள் மூடும். மலையும் கடலும் நம் சொந்தக் கைமுதல்கூட அல்ல. அல்லாஹ் நம்மிடம் ஒப்படைத்த அமானத். பிறர் பணத்தை வைத்து வியாபாரம் செய்கிறவன் எவ்வளவு அஞ்சிக் கணக்கு வைக்க வேண்டும்! பிரயாணிகளை நம்பி உணவுக் கடையும் நாணய மாற்றுக் கடையும் நடத்தும் நம்மவர்கள் இதை இன்னும் கூர்ந்து சிந்திக்க வேண்டும். அழகு அழிந்த இடத்துக்கு யார் வருவார்கள்?

கட்டுப்பாட்டோடு பிரயாணம் செய்வது நமக்குப் புதிதன்று. ஹாஜி இஹ்ராம் கட்டியதும் தரைவாழ் பிராணிகளை வேட்டையாடுவது அவருக்கு ஹராம். மக்காவின் ஹரம் எல்லைக்குள் தானே முளைத்த மரத்தை வெட்டக் கூடாது. மதீனாவையும் நம் நாயகம் ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் ஹரமாக அறிவித்து, அங்கே மரம் வெட்டுவதையும் வேட்டையாடுவதையும் தடுத்தார்கள். அந்தச் சட்டம் அந்த எல்லைகளுக்கு உரியது. அதன் படிப்பினையோ நாம் போகிற இடமெல்லாம் கூட வர வேண்டியது.

எனவே சகோதரர்களே, பிள்ளைகளை அழைத்துச் செல்லுங்கள். கடலைக் காட்டுங்கள், கடலைப் படைத்தவனையும் நினைவூட்டுங்கள். தொழுகையை விட்டுவிடாதீர்கள். அருவியில் பிளாஸ்டிக் புட்டியை எறியாதீர்கள். ஞாபகத்துக்கென்று பவளத்துண்டை ஒடித்து வராதீர்கள். பவளமோ கடலாமை முட்டையோ உங்கள் கடைக்கு விற்பனைக்கு வந்தால், எத்தனை வெள்ளி கிடைக்கும் என்று பார்க்கு முன், இதற்கு மறுமையில் என்ன பதில் சொல்வோம் என்று பாருங்கள். பாதையில் கிடக்கும் இடையூறை அகற்றுவது ஈமானின் ஒரு கிளை என்பது நபிமொழி கற்பிக்கும் பாடம். மலைப்பாதையும் பாதைதானே?

நாம் கண்டு மகிழ்ந்ததை நம் பேரப்பிள்ளைகளும் கண்டு மகிழ வல்ல அல்லாஹ் அருள் புரிவானாக! ஆமீன்.