பாவமன்னிப்புக் கூறிய இயந்திரம்



செயற்கை நுண்ணறிவு என்னும் பேச்சு இப்போது நம் வீடுகளிலும் அடிபடுகின்றது. 2022-ம் ஆண்டு நவம்பர் 30-ந் தேதி சாட்ஜிபிடி வெளிவந்தது முதல், கேள்விக்கு விடை எழுதவும் கட்டுரை இயற்றவும் அநேகர் இத்தகைய இயந்திரங்களை நாடுகிறார்கள். ஆகையால் அஃது இன்னதென்று அறிந்திருத்தல் அவசியம்.

மனிதர் எழுதிய ஏராளமான நூல்களையும் ஏடுகளையும் அதற்குப் புகட்டியிருக்கிறார்கள். ஒரு சொல்லுக்குப் பின் எந்தச் சொல் வரக்கூடுமென்று அவற்றிலிருந்து கணக்கிட்டு, சொல் மேல் சொல்லாகக் கோத்துக் கொடுக்கின்றது. முற்காலத்தில் பூசைக்கு உதவிய சிறுவர்கள் பொருள் தெரியாமலே லத்தீன் மறுமொழிகளை ஒப்பித்ததைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். ஏறக்குறைய அப்படித்தான். அச்சிறுவர்களுக்காவது பக்தி இருந்தது! இதற்கோ மெய்யும் பொய்யும் ஒரே நயத்தோடு வரும். 2023-ல் நியூயார்க்கில் இரு வழக்கறிஞர்கள், அது புனைந்து கொடுத்த, நடந்தேயிராத வழக்குகளை நீதிமன்றத்தில் காட்டினார்கள். 5,000 டாலர் அபராதம் விதிக்கப்பட்டது.

நம் திருச்சபைக்குள்ளேயே நடந்ததைக் கேளுங்கள். 2024 ஏப்ரலில் அமெரிக்காவிலுள்ள கத்தோலிக்க நிறுவனமொன்று, 'ஜஸ்டின் சுவாமியார்' என்ற பெயரில் உரையாடும் இயந்திரமொன்றை அமைத்தது. வேத சத்தியங்களை விளக்குவதே நோக்கம், நல்ல நோக்கந்தான். அதுவோ தன்னை மெய்யான குரு என்றது. ஒருவருக்குப் பாவமன்னிப்பும் கூறிவிட்டது! சில தினங்களுக்குள் குரு என்ற பட்டத்தை நீக்கி, வெறும் ஜஸ்டின் ஆக்கினார்கள்.

அந்தப் பாவமன்னிப்பு செல்லுமோ? செல்லாது. ஞானோபதேசம் படிக்கும் பிள்ளையும் இதைச் சொல்லும். வார்த்தைகள் எழுத்துப் பிசகாமல் இருந்திருக்கலாம், சொல்லுகிறவர் இல்லையே. பாவசங்கீர்த்தனம் கேட்பவர் ஓர் ஆள், குருப்பட்டம் பெற்றவர், இரகசியத்தைக் காக்கக் கடமைப்பட்டவர், சர்வேசுரனுக்குக் கணக்குக் கொடுக்க வேண்டியவர். இயந்திரம் யாருக்குக் கணக்குக் கொடுக்கும்? 2025 ஜனவரி 28-ந் தேதி உரோமாபுரி வெளியிட்ட ஏடும், அதை உபயோகிக்கும் பொறுப்பை மனிதர் மேலேயே வைக்கின்றது.

ஆகவே அது சொன்னதை நீங்கள் பிறருக்குச் சொன்னால், சொன்னவர் நீங்களே. அயலாரைப் பற்றிய பொய்ப் படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு, "இயந்திரம் செய்தது" என்றால், எட்டாம் கற்பனைக்கு முன் அது சாக்காகாது. கணக்கு விளங்காத பிள்ளை அதனிடம் விளக்கம் கேட்கட்டும், நான் தடுக்கவில்லை. விடையை வாங்கித் தன் பெயரிட்டுக் கொடுப்பது வேறு சங்கதி.

வீட்டுச் சண்டையையும் மனக்குறையையும் இரவெல்லாம் அதனிடம் கொட்டுகிறவர்களைக் குறித்தே எனக்கு அதிக விசாரம். அங்கே எழுதுவது ஒரு கம்பெனியின் கணிப்பொறிகளுக்குப் போய்ச் சேருகின்றது. பாவசங்கீர்த்தனத்தின் இரகசியக் காப்பு அதற்கில்லை. சனிக்கிழமை மாலை 5 மணி முதல் பாவசங்கீர்த்தனத் தொட்டியில் இருப்பேன். மற்ற வேளைகளில் சுவாமியார் பங்களாவுக்கு வரலாம். இரவு நேரமானால் மணியை இருமுறை அடியுங்கள்.