பயத்துக்கு இட்ட பெயர்

பழைய ரோமாபுரியில் 'ஃபெப்ரிஸ்' என்று ஒரு சிறு தெய்வம் இருந்தாள். லத்தீனில் அந்தச் சொல்லுக்குக் காய்ச்சல் என்றே பொருள். பாலட்டைன் குன்றின்மேல் அவளுக்கு ஒரு கோயில். நகரில் வேறு இரண்டு. அருளை வேண்டிக் கட்டியவை அல்ல; குறைவாகத் துன்புறுத்தட்டும் என்று கட்டியவை என்கிறார் வலேரியஸ் மாக்ஸிமஸ். சிசரோவுக்கு இது பிடிக்கவில்லை. நற்பண்புகளைக் கும்பிடலாம், கேடுகளுக்குப் பீடம் எதற்கு என்பது அவர் கட்சி.

நியாயமான கேள்விதான். ஆனால் அதைப் படித்தபோது, சிறு வயதில் வத்திராயிருப்பில் பார்த்த ஒரு வீடு என் நினைவுக்கு வந்தது. வாசலில் வேப்பிலைக் கொத்து. உள்ளே ஒரு சிறுமிக்குப் பெரியம்மை. வீட்டில் தாளிதம் கிடையாது. வெளியார் வரக் கூடாது. குழந்தை முனகும்போதெல்லாம் அவள் பாட்டி, "தாயே, இறங்கிப் போயிரும்மா" என்று அந்தப் பிஞ்சு உடம்பையே கும்பிட்டாள்.

அவளும் பயந்துதான் கும்பிட்டாள். ஆனால் ஒரு வித்தியாசம். ரோமானியர்கள் நோயின் பெயரைத் தெய்வத்துக்கு இட்டார்கள். நம்மவர்கள் தாயின் பெயரை நோய்க்கு இட்டார்கள். வந்திருப்பவள் தாய் என்று நம்பியபின், சீழ் வடியும் உடம்பை அருவருக்க மனம் வருமா? பயத்துக்கு நல்ல பெயர் இட்டதனால் பரிவு பிறந்தது.

மறுபக்கத்தையும் மறைக்கக் கூடாது. தாயை ஊசி போட்டு விரட்டுவதா என்ற கூச்சத்தில், அம்மை குத்த வந்தவர்களுக்குக் கதவடைத்த வீடுகளும் உண்டு. அந்தச் சிறுமியின் வீடும் அவற்றில் ஒன்று. அவள் பிழைத்தாள், ஒரு கண் போயிற்று.

மறு வருஷம் அம்மை குத்துகிறவர் வந்தபோது, அதே பாட்டி மற்றப் பேரப் பிள்ளைகளைத் தானே அழைத்து வந்து நிறுத்தினாள்.

"அம்மன் கோவிச்சுக்கிட மாட்டாளா, பாட்டி?" என்று யாரோ கேட்டார்கள்.

"பிள்ளை நல்லாயிருந்தா எந்தத் தாய் கோவிச்சுக்கிடுவா?" என்றாள்.

1975-க்குப் பின் இந்தியாவில் பெரியம்மை இல்லை. 1980-இல் உலகிலேயே இல்லை என்று அறிவித்தார்கள். ரோமில் காய்ச்சல் இருக்கிறது, ஃபெப்ரிஸ் இல்லை. இங்கே பெரியம்மை இல்லை. ஆடி வெள்ளியில் இருக்கன்குடி மாரியம்மனைக் காணக் கூட்டம் அலைமோதுகிறது.

பயம் போனபிறகும் கைகள் குவிகின்றன என்றால், அவை வெறும் பயத்தினால் குவிந்த கைகள் அல்ல. சிசரோவுக்கு எனக்குத் தெரிந்த பதில் இவ்வளவுதான். மீதிப் பதிலை அந்தப் பாட்டி சொல்லிவிட்டாள்.