புயல் யாரைத் தண்டிக்கிறது?

பெருந்துயரம் நேரும்போதெல்லாம் மனித உள்ளத்தில் முதலில் எழும் கேள்வி ‘ஏன்?’ என்பதே. அதைத் தொடர்ந்து இன்னொரு கேள்வியும் மெல்லத் தலைதூக்குகிறது: ‘இது யார் செய்த பாவம்?’ கடல் பொங்கினாலும் காற்று சீறினாலும் அதற்குப் பின்னே ஒரு தீர்ப்பு இருப்பதாக எண்ணும் வழக்கம் மிகப் பழையது. அந்த எண்ணம் சரிதானா? புயலுக்கு நல்லவர் யார், தீயவர் யார் என்று தெரியுமா?

2021ஆம் ஆண்டு மே மாதத்தில் அரபிக்கடலில் டவ்தே புயல் உருவாயிற்று. மே 17 அன்று அது மும்பைக்கு மேற்கே கடல் வழியாகவே வடக்கு நோக்கிச் சென்று, இரவில் குஜராத் கரையைக் கடந்தது. புயலின் மையம் மும்பையைத் தொடவில்லை. ஆயினும் நகரில் மணிக்கு 100 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட வேகத்தில் காற்று வீசியது. சாந்தாகுரூஸில் ஒரே நாளில் சுமார் 230 மில்லிமீட்டர் மழை பெய்தது. கொரோனா நோயின் இரண்டாம் அலை வீசிக்கொண்டிருந்த நேரம் அது. தற்காலிகச் சிகிச்சைக் கூடங்களில் இருந்த நோயாளிகளை முன்கூட்டியே வேறு மருத்துவமனைகளுக்கு மாற்ற வேண்டியிருந்தது. கடலில், எண்ணெய் வயல் ஊழியர்கள் தங்கியிருந்த பி-305 என்னும் மிதவைக்கலம் மூழ்கியது. அதிலிருந்த 261 பேரில் 70 பேருக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர்.

அதே காற்று கோவண்டியின் மீதும் வீசியது. மும்பையின் கிழக்கு விளிம்பில், 1927 முதல் மாநகரின் குப்பையைச் சுமந்துவந்த தேவ்னார் குப்பைமேட்டை ஒட்டிச் சிவாஜி நகரும் பைங்கன்வாடியும் அமைந்துள்ளன. அங்கே குறுகிய சந்துகளில் நெருங்கி நிற்கும் வீடுகளில் பலவற்றுக்குத் தகரமோ சிமெண்டுத் தகடோதான் கூரை. மழைக்காலத்தில் அதன்மேல் தார்ப்பாயை விரித்து, காற்றில் பறக்காதிருக்கக் கல்லை வைப்பார்கள். உயரமான அடுக்குமாடியில் இருப்பவருக்குப் புயல் என்பது சன்னல் கண்ணாடி அதிரும் ஓரிரவு. தகரக் கூரையின் கீழ் இருப்பவருக்கோ அது நனைந்த அரிசி, நனைந்த பாடப்புத்தகம், நனைந்த குடும்ப அட்டை. அடுத்த நாள் கூலியும் இல்லை. காற்று இருவருக்கும் ஒன்றே. அது எடுத்துச் செல்லக்கூடியது மட்டும் ஒன்றல்ல.

‘இது யார் செய்த பாவம்?’ என்னும் கேள்வி இந்நாட்டின் இரு பெரியோர்களுக்கு இடையே வெளிப்படையாகவே விவாதிக்கப்பட்டதுண்டு. 1934 ஜனவரி 15 அன்று பீகாரைப் பெரும் நிலநடுக்கம் உலுக்கியது. ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். அப்போது தீண்டாமை ஒழிப்புக்காகத் தமிழ்நாட்டில் சுற்றுப்பயணம் செய்துகொண்டிருந்த காந்தியடிகள், தீண்டாமை என்னும் பாவத்துக்கு இறைவன் தந்த தண்டனையே இது என்று திருநெல்வேலியில் பேசினார். காந்தியடிகளிடம் பெருமதிப்புக் கொண்டிருந்த ரவீந்திரநாத் தாகூர் இதை ஏற்கவில்லை. இயற்கை நிகழ்ச்சிகளுக்கு இயற்கையான காரணங்களே உண்டு. அறத்தின் கணக்கை அவற்றோடு இணைப்பது பகுத்தறிவுக்கு ஒவ்வாதது என்று எழுதினார். காந்தியடிகள் அந்த மறுப்பைத் தம் ‘ஹரிஜன்’ இதழிலேயே வெளியிட்டு, தம் நம்பிக்கையையும் விளக்கினார்.

தாகூரின் வாதம் வலுவானது. தண்டனை என்றால் அது குற்றவாளியின் மீதல்லவா விழவேண்டும்? தீண்டாமையைக் கடைப்பிடித்தவனின் வீடும் அதனால் துன்புற்றவனின் குடிசையும் ஒருசேர இடிந்தால் அதில் நீதி எங்கே? ஆயினும் காந்தியடிகளின் உள்ளத்தவிப்பையும் எளிதில் ஒதுக்கிவிட முடியாது. இத்தனை பெரிய துயரத்தைக் கண்டபின்னும் தன்னைத் தானே சோதித்துக்கொள்ளாத சமூகம் எதையும் கற்காது என்பதே அத்தவிப்பின் உட்பொருள். காற்றுக்கு அறம் இல்லை என்பது உண்மை. ஆனால் காற்று எந்தக் கூரையைப் பெயர்க்கிறது என்பதில் மனிதரின் அறமும் மறமும் கலந்தே இருக்கின்றன.

இதற்கு ஒடிசாவே சான்று. 1999 அக்டோபர் 29 அன்று வீசிய பெரும்புயலில் அங்கே ஏறத்தாழ 10,000 பேர் இறந்தனர். அதன்பின் அம்மாநிலம் பேரிடர் மேலாண்மைக்கெனத் தனி அமைப்பை நிறுவியது. கடற்கரை நெடுகப் புயல் பாதுகாப்பு இல்லங்களைக் கட்டியது. கிராமங்களில் மக்களுக்குப் பயிற்சி அளித்தது. 2013 அக்டோபரில் பைலின் புயல் வந்தபோது சுமார் 10 லட்சம் பேர் முன்கூட்டியே வெளியேற்றப்பட்டனர். இறந்தோர் தொகை 50க்கும் குறைவு. பைலின் முந்தைய புயலைவிடச் சற்று வலிமை குறைந்ததே; எனினும் இத்தனை பெரிய வேறுபாட்டைக் காற்றின் வேகம் மட்டும் விளக்கிவிடாது. முன்னர் ஊழ் என்று எண்ணப்பட்டதில் பெரும்பகுதி, செய்யத் தவறிய கடமையாகவே இருந்திருக்கிறது. ஊழுக்கு ஓர் அதிகாரம் வகுத்த வள்ளுவர் ஆள்வினையுடைமைக்கும் ஓர் அதிகாரம் வகுத்ததன் பொருத்தம் இங்கே விளங்குகிறது.

கோவண்டியின் நிலையும் தானாக வந்ததன்று. நகரின் பிற பகுதிகளிலிருந்து அகற்றப்பட்ட ஏழைகளுக்காக 1970களில் சதுப்பு நிலத்தின்மேல் ஒதுக்கப்பட்ட இடமே அது. சற்றுத் தொலைவில் டிராம்பேயில் தமிழர் பலர் வாழும் சீத்தா கேம்ப்பும் அவ்வாறே உருவானது. ஜனதா காலனியிலிருந்து 1976இல் வெளியேற்றப்பட்ட மக்கள் அங்கே குடியமர்த்தப்பட்டனர். இப்பகுதிகள் அடங்கிய எம் கிழக்கு வட்டமே நகரில் மிகவும் பின்தங்கியது என்று 2009இல் வெளிவந்த மும்பை மனித மேம்பாட்டு அறிக்கை காட்டியது. நகரின் குப்பையைப் பொறுக்கிப் பிரிப்போரும், பிறர் வீடுகளில் வேலை செய்வோரும், கட்டடங்களை எழுப்புவோரும் இங்கே வாழ்கின்றனர். அவர்களுடைய உழைப்பை நகரம் ஏற்றுக்கொண்டது. உறுதியான கூரையைத் தரவில்லை.

இவ்வாறு நோக்கும்போது நிவாரணம் என்பதன் பொருளே மாறிவிடுகிறது. புயலுக்குப் பின் அரிசியும் போர்வையும் கொடுப்பவர் தம்மை வள்ளல் என எண்ணக்கூடும். உண்மையில் அவர் ஒரு பழைய கடனின் சிறு பகுதியைத் திருப்பிச் செலுத்துகிறார். கொடை என்று எண்ணினால் கொடுப்பவர் உயர்ந்து, பெறுபவர் தாழ்கிறார். கடன் என்று உணர்ந்தால் இருவரும் நிமிர்ந்து நிற்கலாம். கடனுக்கு மற்றோர் இயல்பும் உண்டு: மனம் இளகும்போது மட்டும் நினைத்து, மற்ற நாட்களில் மறந்துவிட முடியாது.

மும்பை மக்களிடம் இரக்கத்துக்குப் பஞ்சமில்லை. 2005 ஜூலை 26 அன்று ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டி நகரம் மூழ்கியபோது, முன்பின் அறியாதோருக்கு வீட்டுக்கதவைத் திறந்து உணவளித்தோர் எத்தனையோ பேர். ஆனால் இரக்கத்தின் ஆயுள் குறுகியது. இழப்பின் ஆயுள் நீண்டது. 2018 நவம்பரில் கஜா புயல் டெல்டா மாவட்டங்களில் லட்சக்கணக்கான தென்னைகளைச் சாய்த்தது. நிவாரண வண்டிகள் சில வாரங்களில் திரும்பிவிட்டன. புதிதாக நட்ட கன்று காய்ப்பதற்கோ பல ஆண்டுகள் காத்திருக்க வேண்டும்.

ஆகவே புயலுக்குப் பிந்தைய சேவை அடுத்த புயலுக்கு முன்பே தொடங்குகிறது. மழைநீர் வடியும் கால்வாயைத் தூர்வாருவதும், தானே கழிமுகத்தின் அலையாத்திக் காடுகளை வெட்டவிடாமல் காப்பதும், எச்சரிக்கை வந்ததும் முதியவரையும் குழந்தைகளையும் அழைத்துச் செல்லப் பள்ளிக்கூடம் ஒன்றைத் தயாராக வைத்திருப்பதும், காற்றுக்கு அசையாத கூரையை ஏழைக்கும் உரிமையாக்குவதும் கண்ணுக்குத் தெரியாத தொண்டுகள். இவற்றைச் செய்வோரின் படம் நாளிதழில் வராது. இவற்றால் உயிர் பிழைத்தவருக்குத் தம்மைக் காத்தவர் யாரென்றே தெரியாது. நன்றியை எதிர்பாராத அத்தொண்டில்தான் பழைய கடன் உண்மையாகவே அடைபடத் தொடங்குகிறது.