வேட்டைப் படமும் வசைமொழியும்

கொல்லாமை தலைசிறந்த அறமென்பது சைவ நன்மக்களுக்குப் புதிதாக எடுத்துரைக்க வேண்டுவதொன்றன்று. ஊன் நீக்கிய உணவைச் 'சைவம்' என்னும் பெயராலேயே தமிழுலகம் வழங்கி வருதல் அதற்குச் சான்றாம். ஆயின், கொன்றானைக் கண்டவிடத்து அவ்வறமுடையார் யாது செய்தல் வேண்டும் என்னும் வினா அத்துணை எளிதன்று. கொன்ற விலங்கின் பக்கத்தே நின்று படமெடுத்து அதனைக் கைப்பேசி வாயிலாகப் பல்லாயிரவர் காணப் பரப்புதலும், கண்டோர் வாய்க்கு வந்தவாறெல்லாம் வைதலும் மலிந்த இக்காலத்தில் அவ்வினா ஈண்டு ஆராயற்பாலதாம்.

பெரம்பலூர்க்கு வடக்கே, திருச்சிராப்பள்ளியினின்று சென்னைக்குச் செல்லும் பெருவழியை அடுத்துள்ளது இரஞ்சன்குடிக் கோட்டை. அதனைச் சார்ந்த வாலிகண்டபுரப் பகுதியில் 1751-ஆம் ஆண்டில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் தத்தமக்குத் துணையாய நவாபுகளோடு கூடிநின்று பொருதனர். அப்போரில் இருதிறத்தாரும் படைக்கலம் ஏந்தினவரே. அக்கோட்டைப் புறத்துப் புதரில் உறையும் முயலுக்கோ ஓடுங் கால்களன்றிப் பிறிதொரு படைக்கலம் இல்லை. அம்முயலைச் சுட்டுக் காதைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு படமெடுத்து, ஊரார் மெச்சுதற்பொருட்டுப் பரப்பும் இளைஞன் ஒருவன் உளன் எனக் கொள்க.

அவன் செய்த குற்றம் ஒன்றன்று, இரண்டாம். உயிரைப் போக்கியது ஒன்று. போக்கியதனைப் புகழாக்க முயன்றது மற்றொன்று. பசியாற் கொன்றான் பசி தீர்ந்தவழி அடங்குவன். படம் பரப்புவானுடைய பசி வயிற்றின்கண் உள்ளதன்று. 'யான் செய்தேன்' என்னும் செருக்கின்கண் உள்ளது. அது காண்பார் தொகை பெருகப் பெருகத் தானும் பெருகுமன்றித் தணியாது. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தால் அவன் செயல் தண்டனைக்கும் உரியதாம்.

அற்றேல், அவனை வைதல் தகுமன்றோ, வாளா இருத்தல் குற்றத்துக்கு உடன்படுதலாகாதோ எனின், வாளா இருத்தல் தகாது, கண்டித்தல் கடனேயாம். கண்டிக்குமாறு யாதென்பதே வினா. அதனை விளக்க நிகழ்ச்சிகள் இரண்டு உள.

இன்றைய சத்தீசுகர் மாநிலத்தைச் சார்ந்த கொரியா நாட்டின் அரசர் இராமானுஜ பிரதாப சிங் தேவ், 1947-ஆம் ஆண்டில் இரவிலே மோட்டார் வண்டியிற் செல்லுங்கால் சிவிங்கிப்புலிகள் மூன்றைச் சுட்டு வீழ்த்தினார். அவற்றின் உடல்களோடு அவர் நின்ற படம் பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்தின் சஞ்சிகைக்கு அனுப்பப்பெற்று, 1948-இல் அதன்கண் வெளிவந்தது. அவ்வேட்டைச் செய்தியைக் குப்பைக்கூடையில் எறியவே முதற்கண் எண்ணியதாகவும், புகழ்தற்கன்றிக் குற்றஞ்சாட்டுதற்கே வெளியிடுவதாகவும் அச்சஞ்சிகையின் ஆசிரியர்கள் குறிப்பெழுதினர். அவ்வினம் மிகவும் அருகிவிட்டமையையும், இரவில் வண்டியிற் சென்று சுடுதல் வேட்டை நெறிக்கும் சட்டத்துக்கும் மாறாதலையும் எடுத்துக்காட்டினர். சொல் கடிதே, ஆயினும் அது செயலின்மீதே நின்றது. பின்னர் 1952-இல் அவ்வினம் இந்தியாவில் அற்றொழிந்ததென அறிவிக்கப்பெற்றது. 2022-இல் நமீபியாவினின்று எட்டுச் சிவிங்கிப்புலிகளைக் கொணர்ந்து குனோ வனத்தில் விடவேண்டியதாயிற்று. வீரத்துக்குச் சான்றாக எடுத்த படம் ஓரினத்தின் முடிவுக்குச் சான்றாயிற்று.

மற்றொன்று அயல்நாட்டு நிகழ்ச்சி. 2015-ஆம் ஆண்டு சூலைத் திங்களில், சிம்பாப்வே நாட்டு உவாங்கே வனப்பூங்காவை அடுத்து, சிசில் எனப் பெயரிட்டு ஆராய்ச்சியாளர் கண்காணித்து வந்த ஆண்சிங்கத்தை அமெரிக்கர் ஒருவர் அம்பெய்து கொன்றார். அவர் முன்னர்க் கொன்ற விலங்குகளோடு நின்ற படங்கள் உலகெங்கும் பரவின, பெருஞ்சினம் மூண்டது. அச்சினம் இருகிளையாகப் பிரிந்தது. ஒரு கிளை, வேட்டைச் சின்னங்களை ஏற்றிச் செல்லோமென விமானக் கம்பெனிகள் பலவற்றைச் சொல்லுவித்தது. அவ்வாண்டின் இறுதியில் சிங்கங்களுக்கு அமெரிக்கச் சட்டத்தின் காப்புக் கிடைத்தற்கும் துணையாயிற்று. மற்றைக் கிளையோ அவரைக் கொன்றொழிப்போம் என்னும் மிரட்டலாய் வளர்ந்தது. கொலையை வெறுத்த நெஞ்சம் மற்றொரு கொலையை விரும்பியவாறு காண்க. அங்ஙனம் விரும்பினார்க்கும் வில்லெடுத்தார்க்கும் இடையே வேறுபாடு கருவியளவே.

இனி, இவ்வேறுபாட்டின் காரணம் யாதெனின் கூறுதும். செம்பினைக் களிம்பு பற்றினாற்போல உயிரை ஆணவம் பற்றியுள்ளதென்பது சித்தாந்த நூலோர் துணிபு. களிம்பு கண்டவிடத்துப் புளியிட்டு அழுத்தித் தேய்ப்பர். செம்பையே உடைத்தெறிவார் இலர். கண்டனம் புளிபோல்வது, அது உறைத்தலும் வேண்டும். வசையோ சம்மட்டி போல்வது. மேலும், வைபவன் 'யான் தூயன்' என்று உள்ளுள் மகிழ்வானாயின், வேடன் விலங்கின்மேல் நின்று படமெடுத்தவாறே இவனும் வேடன்மேல் நின்று தன் படத்தை எடுத்துக்கொள்கின்றான். புலால் உண்ணாக் குடியிற் பிறந்தார்க்கு இவ்விழுக்கு எளிதிற் புகுமாகலின் அவர் பெரிதும் விழிப்பாயிருத்தல் வேண்டும்.

வேட்டுவராகிய கண்ணப்பரை நாயன்மாருள் வைத்துப் போற்றும் சைவர் வேட்டையைக் கடிதல் யாங்ஙனம் பொருந்தும் எனச் சிலர் வினவுவர். கண்ணப்பர் போற்றப்பெற்றது வேட்டையினால் அன்று. தம் கண்ணையும் இடந்து அப்பிய அன்பினால் என்க. தம்மைப் பிறர் காணல்வேண்டுமென்னும் எண்ணமே அவர்பால் இல்லை. ஆகலின், படம் பரப்புவார் அவர் நிழலில் ஒதுங்குதல் அமையாது. ஈண்டுக் கருதத்தக்கவர் சிவகோசரியார். இறைவன் திருமுன்னர் ஊனும் எலும்பும் கிடக்கக் கண்டு அவர் நடுங்கினார். செய்தாரை இகழவும் செய்தார். ஆயினும் அவரைத் தேடித் தண்டிக்கப் புறப்பட்டாரல்லர். இடத்தைத் துலக்கிப் பூசனை முடித்து, இறைவனிடமே முறையிட்டார். இறைவன் அவர் கனவில் தோன்றி, மறைந்திருந்து காணுமாறு பணித்தருளினான். ஊன் ஆகாதென்னும் ஆகம விதி அதனால் அழிந்திலது. செய்தானுடைய உள்ளம் அவரறியாததொன்று என்பதே உணர்த்தப்பெற்றது. படமும் அத்தகையதே. அது செயலைக் காட்டும். செய்தானை முழுதும் காட்டாது. காட்டியதன்மேல் தீர்ப்புரைக்கலாம், காட்டாததன்மேல் உரைத்தல் கூடாது.

ஆகவே, இரஞ்சன்குடி இளைஞன் படத்தைக் காண்பவர் செய்யத்தக்கன சிலவே. அதனை மேலும் பரப்பாதிருத்தல் முதலாவது. பழித்துப் பரப்பினும் அவன் விரும்பிய விளம்பரமே அவனுக்குக் கிடைக்கும். வனத்துறையார்க்கு அறிவித்தல் இரண்டாவது. தண்டித்தல் அரசின் கடன். அவனை அறிந்தவராயின் நேரிற் கண்டு, செய்தது தீதென்று அஞ்சாது கூறல் மூன்றாவது. அவன் பெற்றோரையும் குலத்தையும் பிழைப்பையும் தொட்டு ஒருசொல்லும் கூறாதிருத்தல் நான்காவது. அவன் திருந்தியபோது மகிழும் நெஞ்சம் கண்டித்தார்க்கு உண்டாயின் அக்கண்டனம் முயலின்பாற் கொண்ட அருளினின்று பிறந்தது. திருந்தினமை கண்டும் வைதற்கு இனி இடமில்லையே என்று வருந்துமாயின் அது அருளினின்று பிறந்ததன்று. உயிர்களிடத்து அருள் பூண்டார்க்கு முயலும் உயிரே, அதனைக் கொன்றானும் உயிரே.