பெயரறியாச் செடியும் காட்டிய கையும்

வழியோரத்தில் முன்பின் கண்டிராத செடியொன்றைக் கண்டால், "இது என்ன செடி?" என்று வினவுவது மனித இயல்பு. விடை கிடைத்ததும் நம் நடையைத் தொடர்கிறோம். ஆனால் அச்செடியைக் காட்டிப் பெயரும் பயனும் சொன்னவருக்கு நாம் ஏதேனும் கடன்பட்டிருக்கிறோமா? இவ்வினாவை நம்மில் எத்தனை பேர் எழுப்பியிருக்கிறோம்?

திருவனந்தபுரத்தில் வாழும் தமிழர்க்குச் செடிகளின் பெயர்க் குழப்பம் புதியதன்று. ஊரில் தொட்டாற்சுருங்கி என்றதை இங்கே தொட்டாவாடி என்கிறார்கள். பெயர் இரண்டாயினும் செடி ஒன்றே, தீங்கில்லை. பெயர் ஒன்றாகிச் செடி வேறானால்தான் இடர். சங்கபுஷ்பி என்ற பெயரால் கேரள வைத்தியர் நீலச் சங்குப்பூக் கொடியைக் கொள்வர். வடநாட்டு வைத்தியர் கொள்வதோ வேறொரு சிறு பூண்டு. செங்காந்தட் கிழங்கை உணவுக் கிழங்கென மயங்கி உண்டு மாண்டோர் இலங்கையில் உண்டு. இனங்காணுதல் உயிரோடு தொடர்புடைய செயலாகும்.

குறிஞ்சிப்பாட்டில் கபிலர் 99 மலர்களை அடுக்கிச் சொன்னார். அவற்றுள் சில இன்ன செடியின் மலர் என்று துணிவதில் அறிஞர்கள் இன்றும் வேறுபடுகின்றனர். பெயர் நம் கையில் இருக்கிறது. "இதோ இதுதான்" என்று சுட்டிக் காட்டும் விரல் இல்லை. அவ்விரலின் அருமையை நம் மாவட்டத்து அகத்திய மலையில் நிகழ்ந்த ஒரு வரலாறு விளக்கும்.

1987-ஆம் ஆண்டு புஷ்பாங்கதன் தலைமையில் ஆய்வாளர் சிலர் அம்மலையேறினர். வழிகாட்டிகளாக வந்த காணிப் பழங்குடியினர் சிறு காய்களைத் தின்றவாறே களைப்பின்றி நடந்தனர். தளர்ந்துபோன ஆய்வாளர்களும் வாங்கித் தின்று தெம்பு பெற்றனர். செடியைக் காட்டுமாறு கேட்டபோது வழிகாட்டிகள் தயங்கினர். குலத்தார்க்கு மட்டும் உரிய செய்தி அது. பலமுறை கேட்ட பின்னரே காட்டினர். அதுவே ஆரோக்கியப்பச்சை, ஓடைக்கரை நிழலில் வளரும் சிறு செடி.

பாலோட்டில் உள்ள வெப்பமண்டலத் தாவரவியல் பூங்கா ஆய்வு நிறுவனம் அச்செடியோடு அமுக்கரா, திப்பிலி முதலியவற்றைச் சேர்த்து 'ஜீவனி' என்ற மருந்தை உருவாக்கியது. அதைச் செய்து விற்கும் உரிமையைக் கோயம்புத்தூர் மருந்து நிறுவனம் ஒன்று 10 லட்சம் ரூபாய்க்கும், விற்பனையில் 2 விழுக்காட்டுப் பங்குக்கும் பெற்றது. வரும் பணத்தில் சரிபாதி காணி மக்களுக்கு என்று முடிவாயிற்று. அதற்கென 1997-இல் ஓர் அறக்கட்டளையும் பதிவாயிற்று. பல்லுயிர் வளச் சட்டம் வந்தது 2002-இல்தான். சட்டம் பிறப்பதற்கு முன்பே ஒருவர் மனச்சான்று பேசியது பாராட்டுக்குரியது.

அலுவலகக் கோப்பில் முதற் குறிப்பு எழுதிய எழுத்தரின் சுருக்கொப்பம், மேலே எத்தனை அதிகாரிகள் கையொப்பமிட்டாலும் அழிவதில்லை. கோப்போடு காலந்தள்ளும் எனக்கு இம்முறை மிகவும் பிடித்தமானது. 1678-இல் ஆம்ஸ்டர்டாமில் அச்சேறத் தொடங்கிய 'ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ்' நூலிலும் இந்த நேர்மை ஓரளவு உண்டு. செடிகளை விளக்கிச் சொன்ன இட்டி அச்சுதன் வைத்தியரின் சான்றுரையை, அவர் எழுதிய கோலெழுத்திலேயே டச்சுக்காரர் பதிப்பித்தனர். ஆரோக்கியப்பச்சையின் தாவரவியற் பெயரான 'திரைகோபஸ் ஜெய்லானிக்கஸ் திருவாங்கூரிக்கஸ்' என்பதிலோ இலங்கை இருக்கிறது, திருவிதாங்கூர் இருக்கிறது, காணியர் இல்லை.

பணத்தில் பாதி கொடுத்ததும் கடன் தீர்ந்துவிட்டதா? தீர்ந்தது என்பார் உளர். எனக்கு அவ்வாறு தோன்றவில்லை. பிளாத்தி எனப்படும் காணி மருத்துவர் சிலர் 1995-இலேயே, தங்கள் அறிவைத் தனியார்க்கு விற்கலாகாது என்று எதிர்ப்புத் தெரிவித்தனர். செடியைக் காட்டியவர்கள் அவர்களல்லர். வழிகாட்டிகளாகச் சென்ற சிலரே. ஒரு குலம் முழுவதும் காத்துவந்த மறைபொருளை இருவர் மூவர் வெளியிட்டால், அதற்குக் குலமே இசைந்ததாகுமா? விலை பேசாதவரிடம் விலை கொடுத்தது நீதியா, அன்றி நமக்கு நாமே சொல்லிக்கொண்ட ஆறுதலா? காணியர் நெல்லை, குமரி மாவட்டத்துக் காடுகளிலும் வாழ்கின்றனர். பங்கு முடிவானபோது மலையின் அப்பக்கத்து உறவினரைக் கேட்டவர் யார்?