இல்லாததற்குச் சாட்சி

ஒருவர் கலியாணம் செய்யாமல் இருப்பதற்கு எம்மவர் நான்கு காரணங்களை ஏற்றுக்கொள்வார்கள். தங்கைமார் இன்னும் கரைசேரவில்லை. சாதகத்தில் செவ்வாய். காதல் தோல்வி. இயக்கத்தில் இருந்தவர். இவை நான்கும் இல்லையென்றால் ஐந்தாவதைச் சனம் தானே கண்டுபிடித்துவிடும்: "ஆளிலை ஏதோ கோளாறு." அந்த ஆசையே அவருக்கு இல்லாமல் இருக்கலாம் என்பது எந்தப் பட்டியலிலும் வருவதில்லை.

அண்மையில் மொன்றியலில், ஒரு பல்கலைக்கழகத்தின் தமிழ் மாணவர்கள் சிலர் கூடியிருந்த இடத்தில் இவ்விடயம் பேசப்பட்டது. றெஸ்ரோறண்டில் எம்மோடு வேலைசெய்யும் மாணவன் ஒருவன் அழைத்ததால், கோப்பை கழுவி முடித்த கையோடு நாமும் போயிருந்தோம். பேசியவர் ஓர் இளம்பெண். 'ஏசெக்சுவல்' என்ற சொல்லை அவர் நிதானமாக விளக்கினார். ஆணோ பெண்ணோ, எவர்மீதும் பாலியல் ஈர்ப்புத் தோன்றாதவர் என்பது அதன் பொருள். தமிழில் அல்பாலீர்ப்பு என்று எழுதுகிறார்கள். பாலீர்ப்பு இன்மை என்றால் இன்னும் எளிதாகப் புரியும். இவர்களிடம் அன்பு உண்டு, நட்பு உண்டு. பலருக்குத் துணை வேண்டும் என்ற எண்ணமும் பிள்ளை ஆசையும்கூட உண்டு. இல்லாதது அந்த ஒன்று மட்டுமே.

இது நேற்று முளைத்த கதையல்ல. 1948இல் அமெரிக்க ஆய்வாளர் அல்பிரட் கின்சி மனிதரின் பாலியல் நாட்டத்தைப் பூச்சியத்திலிருந்து ஆறுவரை அளவிட்டபோது, எந்த எண்ணுக்குள்ளும் அடங்காதோரை 'எக்ஸ்' என்ற எழுத்தின் கீழ் ஒதுக்கிவைத்தார். 2004இல் ஒன்ராறியோவிலுள்ள புறொக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அன்ரனி போகார்ட், பிரித்தானியாவில் 18,000இற்கும் அதிகமானோரிடம் எடுக்கப்பட்ட ஒரு கணிப்பை ஆராய்ந்தார். ஏறத்தாழ நூற்றுக்கு ஒருவர் எவரிடமும் ஒருபோதும் பாலியல் ஈர்ப்பை உணர்ந்ததில்லை என்று அதில் பதிலளித்திருந்தனர். 2013இல் அமெரிக்க உளமருத்துவச் சங்கம் வெளியிட்ட நோய்க் கையேடு, தம்மை இவ்வாறு அடையாளப்படுத்துவோரைப் பாலியல் ஆசைக் குறைபாட்டு நோயாளராகக் கொள்ளக்கூடாது என்கிறது. பிரித்தானியக் கணக்கை எமது சனத்துக்கு அப்படியே பொருத்த முடியாது. ஆனால் எம்மிடையே ஒருவரும் இல்லை என்று சொல்லவும் முடியாது.

அன்று அந்தப் பெண்ணிடம் கேட்கப்பட்ட கேள்விகளே எம்மை யோசிக்கவைத்தன. "டொக்டரிட்டைக் காட்டினனீங்களோ?" "சின்ன வயசிலை ஏதும் நடந்ததோ?" "சரியான ஆளை இன்னும் சந்திக்கேல்லைப் போல." கேட்டவர்கள் கெட்டவர்கள் அல்லர், அக்கறையோடுதான் கேட்டார்கள். ஆயினும் ஆசை உள்ளவரிடம் "உமக்கு அது இருக்கென்று எப்படித் தெரியும்?" என்று நாம் கேட்பதில்லை. இல்லை என்பவரிடமே சாட்சி கேட்கிறோம்.

இந்த அநியாயம் எமக்குப் பழக்கமானது. சோதனைச் சாவடியில் "நீ இயக்கமில்லை என்பதற்கு என்ன ஆதாரம்?" என்று கேட்கப்பட்ட சனம் நாம். இருந்தவரிடம் ஏதாவது தடயம் இருக்கலாம். இல்லாதவரிடம் என்ன இருக்கும்? அவருடைய வாய்ச்சொல் மட்டும்தான். அந்தச் சொல்லை நம்ப மறுத்தவர்கள் எங்களை என்ன செய்தார்கள் என்பதை இந்தப் பக்கங்களை வாசிப்போருக்கு விளக்கவேண்டியதில்லை.

'எமது மரபில் இதற்கு இடமுண்டு. ஔவையாரையும் மணிமேகலையையும் வணங்குகிறோமே' என்று ஒருவர் சொன்னார். மணிமேகலையின் நெஞ்சு உதயகுமாரன் பின்னே சென்றது. அதை அடக்கியே அவள் துறவியானாள். நாம் போற்றுவது ஆசையை வென்றவரை. ஆசையே இல்லாதவருக்குப் போராட்டமும் இல்லை, வெற்றியும் இல்லை. ஆகவே புகழும் இல்லை. ஔவையின் கதையோ இன்னும் கசப்பானது. கலியாணத்திலிருந்து தப்பப் பிள்ளையாரிடம் முதுமையை வேண்டிப் பெற்றாள் என்கிறார்கள். ஓர் இளம்பெண் "வேண்டாம்" என்று சொன்னது போதவில்லை. தன் இளமையையே கொடுத்த பின்னர்தான் ஊர் அவளை விட்டது. இக்கதையில் ஔவையின் பெருமையைக் கண்ட நாம் ஊரின் சிறுமையைக் காணவில்லை.

ஆனால் எதிர்ப்பக்கத்திலும் கனமான ஒரு கேள்வி உண்டு. "அப்ப கட்டிக் குடுத்த மற்றப் பிள்ளையின்ரை கதி என்ன?" யாழ்ப்பாணத்திலிருந்து ஸ்பொன்சரில் வந்து, பார்க் எக்ஸ்ரென்ஷனில் ஓர் அறைக்குள், உறவென்று ஒருவரும் இல்லாமல், தன்னில்தான் ஏதோ குறை என்று நினைத்தபடி இருக்கும் பெண்ணை எண்ணிப் பாருங்கள். 2012 ஒக்ரோபர் முதல் 2017 ஏப்ரல் வரை, அப்படி வந்த பலர் கணவன் மனைவியாக இரண்டு வருடம் சேர்ந்து வாழ்ந்தாலன்றி நிரந்தர வதிவிட உரிமையை இழக்கலாம் என்ற நிபந்தனையும் கனடாவில் இருந்தது. இலங்கையின் பொதுத் திருமணச் சட்டம் மணவிலக்குக்குச் சொல்லும் காரணங்கள் பிறர்மனை நாடல், வஞ்சகமாகக் கைவிடல், திருமணத்தின்போதே இருந்த தீராத ஆண்மைக்குறைவு போன்றவை. உடலால் இயலாமையை அது அறியும். மனதில் ஆசை இல்லாமையை அறியாது.

ஆகவே கட்டமுன்னர் சொல்லவேண்டியது அவரது கடமை என்றே நாம் கருதுகிறோம். மற்றவரின் வாழ்வை அவருக்குத் தெரியாமல் எடுத்துக்கொள்ள எவருக்கும் உரிமையில்லை. ஆனால் சொல்வதற்கு ஒரு சொல் வேண்டும். கேட்பதற்கு ஒரு காது வேண்டும். "கட்டினால் எல்லாம் சரிவரும்" என்று வாயை அடைத்துவிட்டு, பின்னர் "ஏன் முதலே சொல்லேல்லை?" என்று கேட்பது நேர்மையல்ல. உண்மை சொல்லும் கடமை அவருடையது. அதைக் கேட்கும் கடமை எம்முடையது. இரண்டாவது நிறைவேறாத இடத்தில் முதலாவதை எதிர்பார்க்க முடியாது.

தாய்தகப்பனின் பயம் வேறு. "வயசுபோன காலத்திலை ஆர் பாக்கிறது?" இது பொய்ப் பயமல்ல. ஆனால் பராமரிப்புக்குக் கட்டில் உறவு ஒன்றே வழியா? கனடாவின் சட்ட ஆணைக்குழு 2001இல் வெளியிட்ட அறிக்கையொன்று, மணஉறவை மட்டும் பாராமல், ஒருவரில் ஒருவர் தங்கி வாழும் பெரியவர்களின் உறவுகள் அனைத்தையும் சட்டம் கவனிக்கவேண்டும் என்று வாதிட்டது. 2002இல் அல்பேர்ட்டா மாகாணம், பாலுறவு இல்லாமலே ஒரு வீட்டில் ஒருவரையொருவர் தாங்கி வாழும் இருவரையும் ஏற்கும் சட்டமொன்றை இயற்றியது. நிலக்கீழ் அறைகளில் ஐந்தாறு பேராக ஒரே பானையில் சமைத்து, ஒருவனுக்குக் காய்ச்சல் என்றால் மற்றவன் வேலைக்குப் போகாமல் இருந்து பார்த்த எமக்கு இது புதிதல்ல. அதற்குக் குடும்பம் என்று பெயர் வைக்கத்தான் நாம் துணியவில்லை.

பிள்ளை ஒருநாள் வந்து "எனக்கு அது இல்லை" என்று சொன்னால், "ஏன்?" என்ற கேள்வியைச் சற்றுத் தள்ளிவைப்போம். "அப்ப எப்பிடி வாழ விருப்பம்?" என்று கேட்போம். பிள்ளையிடம் அதற்குப் பதில் இருக்கும்.